சும்மா ஓடுவது

தமிழில் காரணமில்லாமல் ஓட முடியாது. பாஷையே இடம் கொடுப்பதில்லை. ஓடுகிறவன் ஒன்று துரத்தப்படுகிறான், அல்லது எதையோ பிடிக்கப் போகிறான். பஸ்ஸுக்கு ஓடுகிறோம், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம், கடன்காரனைக் கண்டு ஓடுகிறோம். பிழைப்பு ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடை ஓடவில்லை என்கிறோம். வீட்டை விட்டுப் போன பெண்ணுக்கு ஓடுகாலி என்று பெயர் உண்டு. வீட்டை விட்டுப் போன ஆணுக்கு அப்படியொரு பெயர் யாரும் வைக்கவில்லை என்பது வேறு விஷயம். சித்திரையில் மதுரை மாசி வீதிகளில் தேர் ஓடுகிறது. நாம் ஓட்டம் என்று சொல்லும் காரியங்களிலெல்லாம் மிகவும் மெதுவானது அதுதான், அதுவும் அத்தனை பேர் வடம் பிடித்து இழுத்தால். ஆனால் விடிகாலையில் ஒருவன், யாரும் துரத்தாமல், எதையும் பிடிக்கப் போகாமல், ஏழு கிலோமீட்டர் ஓடிவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்பதற்கு இந்த பாஷையில் சொல் இல்லை. அகராதிக்காரர்கள் மெல்லோட்டம் என்று ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். அதை வாயால் சொன்ன மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. தெருவில் வழங்குவது ஜாகிங். பல சமயம் அது கூட இல்லை. மூச்சு வாங்க ஓடிக்கொண்டு எதிரே வரும் என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் தவறாமல் கேட்கிறார்: "என்ன தம்பி, வாக்கிங்கா?"

என் அம்மாவின் கேள்வி இன்னும் நேரடியானது. "ஒன்னைய எவன் தொரத்துறான்?"

நம் இலக்கியத்திலும் ஓட்டம் என்றால் பெரும்பாலும் தப்பி ஓடுவதுதான். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) நாவலின் முடிவில் சந்திரசேகரன் ஓடுகிறான். எதிலிருந்து ஓடுகிறான் என்பது நமக்குத் தெரியும். எங்கே ஓடுகிறான் என்பது தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. நிஜ ஓட்டக்காரர்களை எடுத்துக்கொண்டாலும் கதை அதுதான். மில்கா சிங் முதலில் ஓடியது 1947-ல், உயிருக்காக. பந்தயத்துக்கு ஓடக் கற்றது பிறகு, ராணுவத்தில். 1978-ல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிஷத்தில் ஓடிய சிவ்நாத் சிங்கும் ராணுவத்திலிருந்து வந்தவர்தான். செருப்பில்லாமல் ஓடிப் பேர்பெற்றவர். அந்தத் தேசிய சாதனை நாற்பது வருஷங்களுக்கு மேல் அசையாமல் நின்றது. ஷூ விற்கும் கம்பெனிகள் அவர் பெயரைச் சொல்லக் கேட்டதில்லை, காரணம் ஊகிக்கக்கூடியதுதான். இவர்கள் எல்லோருக்கும் ஓட்டம் ஒரு ஏணி. ஏணியில் ஏறுகிறவனிடம் போய் ஏணியின் அழகைப் பற்றிப் பேச முடியாது.

நான் ஓடுவது மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி. திருமலை நாயக்கர் மகால் கட்ட மண் எடுத்த பள்ளம், அதுவே பிறகு குளமாயிற்று என்பது ஊர் வழக்கு. ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் வருகிறது. பல வருஷங்கள் வறண்டு கிடந்து, உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடிய குளம் இது. தைத் தெப்பம் அந்த வருஷங்களில் மிதக்காமல் நின்ற இடத்திலேயே நின்றது, அதற்கு நிலைத்தெப்பம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சமீப வருஷங்களில் வைகைத் தண்ணீர் உள்ளே வந்து நிற்கிறது. ஐந்தரை மணி இருட்டில் மைய மண்டபம் தண்ணீரின் மேல் ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரியும். மூன்றாவது சுற்றில் அதற்கு விளிம்பு வரும். ஐந்தாவதில் நிறம் வரும். அதைப் பார்ப்பதற்காக ஓடுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். பார்ப்பதென்றால் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கலாம், இன்னும் நன்றாகத் தெரியும்.

ஓட்டத்தின் ஸ்தூலமான விஷயங்கள் அற்பமானவை. முதல் கிலோமீட்டர் ஒவ்வொரு நாளும் வெறுப்பாக இருக்கிறது. ஆறு வருஷமாகியும் உடம்பு இதற்குச் சம்மதிக்கவில்லை, தினமும் முதலிலிருந்து வாதாட வேண்டியிருக்கிறது. தென்கிழக்கு மூலையில் நான்கு நாய்கள். நடப்பவனை அவை ஏறிட்டும் பார்ப்பதில்லை, ஓடுபவனிடம்தான் அவற்றுக்கு ஒரு தத்துவார்த்தமான ஆட்சேபணை. அம்மாவின் கட்சி. அவற்றைக் கடக்கும்வரை நான் நடப்பவனாக வேஷம் போட்டு, கடந்ததும் மறுபடி ஓட ஆரம்பிக்கிறேன். வீட்டுக்குத் திரும்பும் தெருவில் வாசலுக்கு வாசல் ஈரக் கோலம், சந்தில் நுழைந்ததும் காலை எட்டி எட்டிப் போட்டுத் தாண்ட வேண்டும். சித்திரை, வைகாசியில் ஆறு மணிக்கே காற்று வெந்நீர் ஆவி போல் இருக்கும். பெருவிரல் நகம் கறுத்து, இரண்டு மாதத்தில் கழன்று, அடியில் புது நகம் முளைத்திருக்கும். இதைப் பார்த்து அருவருக்காத ஒரே ஜீவன் என் மகள், அவளுக்கு வயது நான்கு. எட்டாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கியதை வீட்டில் பாதி விலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவே அதிகம் என்று தீர்ப்பாகியிருக்கிறது.

இவ்வளவும் உடம்பின் விவகாரம். என் அக்கறை வேறொன்று. ஓடும்போது மனதில் ஏதாவது நடக்கும் என்று எழுத்தாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். பி.ஏ. இங்கிலீஷ் படித்த நாட்களில் ஆலன் ஸில்லிட்டோவின் தொலைதூர ஓட்டக்காரன் கதையை (1959) படித்தேன். சீர்திருத்தப் பள்ளிப் பையன், விடிகாலையில் தனியாக ஓடுகிறான், ஓட ஓட அவனுக்குச் சிந்தனை பெருகுகிறது. கடைசியில், ஜெயிக்கக்கூடிய பந்தயத்தில், அதிகாரிக்கு வெற்றியைக் கொடுக்க மாட்டேன் என்று கோட்டுக்கு முன்னால் நின்றுவிடுகிறான். நல்ல கதைதான். ஆனால் அங்கும் ஓட்டம் ஒரு பதிலடியாக, ஒரு சேதியாக ஆகிவிடுகிறது. முரகாமியின் ஓட்டப் புத்தகத்தை (ஜப்பானிய மூலம் 2007) நண்பர்கள் சிலர் எனக்குப் பரிசாகவே கொடுத்தார்கள், ஓடுகிறவனுக்கு வேறு எதைக் கொடுப்பது என்று தெரியாமல். நேர்மையான, கொஞ்சம் தட்டையான புத்தகம். நாவல் எழுதுவதற்கு வேண்டிய தெம்பையும் ஒழுங்கையும் ஓட்டம் கற்றுக்கொடுத்தது என்கிறார் அவர். அதாவது அவருக்கும் ஒரு பிரயோஜனம் இருக்கிறது.

எனக்குச் சிந்தனை வருவதில்லை. இதை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். எழுத வேண்டிய கட்டுரையைத் தலையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டால் இரண்டாவது சுற்றில் அது விழுந்துவிடுகிறது. மூன்று காலடிக்கு மூச்சு உள்ளே, இரண்டு காலடிக்கு வெளியே. அதற்கு மேல் எதுவும் நிற்பதில்லை. ஒரு வார்த்தை, பெரும்பாலும் அர்த்தமில்லாத ஒன்று, முந்தின நாள் கவுண்டரில் கேட்ட பெயரோ, பஸ்ஸின் பக்கவாட்டில் படித்த விளம்பரமோ, காலடியோடு சேர்ந்து ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஏழு கிலோமீட்டரும் 'உத்தமபாளையம்' என்றே ஓடியிருக்கிறேன். நான் உத்தமபாளையம் போனதில்லை.

நம் விமர்சனத்தில் அனுபவம் என்கிற வார்த்தையை எத்தனை பேர் எத்தனை விதமாக ஆண்டிருக்கிறார்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்ந்த அனுபவம், அனுபவச் செறிவு, அனுபவ வெளிப்பாடு. ஓட்டம் என் வாழ்க்கையில் மிகவும் தீவிரமான ஒரு மணி நேரம், அதிலிருந்து எடுத்துக்கொண்டு வர ஒன்றுமில்லை. வெளிப்படுத்த அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. கையில் கட்டியிருக்கும் கடிகாரம் மட்டும் தூரம், நேரம், இதயத் துடிப்பு என்று கணக்கெழுதிக் கொடுக்கிறது. பகலெல்லாம் அதே வேலையைச் செய்கிறவனுக்கு அதைப் பார்க்க உற்சாகம் வருவதில்லை. என் வேகம் கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம் பத்து வினாடி. ஆறு வருஷத்தில் இது முன்னேறவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

தெப்பக்குளத்தில் நான் தனியாக ஓடுவதில்லை. நடக்கிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள், ரிட்டையர்டு ஆசாமிகள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மருமகள். ஓடுகிறவர்கள் அநேகமாகப் பையன்கள், அத்தனை பேரும் போலீஸ் வேலைக்கு. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில். குளத்தை ஒரு சுற்று, மேலே ஒரு கால் சுற்று, 1500 மீட்டர் சரியாக வந்துவிடுகிறது. நாயக்கர் தெரிந்து செய்திருக்க முடியாது. பையன்கள் நடைபாதையில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், மழை அழித்தால் மறுபடி போடுகிறார்கள். என் வேகத்தில் அந்த தூரத்துக்கு ஒன்பதே கால் நிமிஷம் ஆகும். நான் தேற மாட்டேன்.

மூன்று பெண்களும் வருகிறார்கள். ட்ராக் பேண்டுக்கு மேல் சுடிதார் டாப்ஸ், துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டியிருப்பார்கள். குளத்தின் வடகரையில் அப்பாவோ அண்ணனோ ஒரு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருப்பார். இவர்களை யாரும் எதுவும் சொல்வதில்லை. வேலைக்காக ஓடுகிற பெண்ணைத் தெரு ஒப்புக்கொண்டுவிட்டது, காரணமே அவர்களுக்கு அனுமதிச் சீட்டு. என் மனைவியை ஓட வரச்சொல்லி ஒரு வருஷம் கேட்டேன். "நீங்க ஓடுனா சுகராம்பாங்க. நான் ஓடுனா என்னன்னு சொல்லுவாங்க?" என்றாள். நடக்க வருகிறாள், வாரத்தில் இரண்டு நாள், வேகமாகத்தான் நடக்கிறாள். மூன்றாவது மூலையில், யாருமில்லாதபோது, பத்துப் பதினைந்து அடி ஓடிப் பார்த்துவிட்டு மறுபடி நடந்ததை எதிர்க்கரையிலிருந்து பார்த்தேன். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

பையன்களில் ஒருவனைப் பற்றி எழுத வேண்டும். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது. மெலிந்த ஆள், செருப்பில்லாமல் ஓடுவான். பின்னால் வருவது தெரியாது, காலடிச் சத்தம் கேட்காது. தோள் அசையாது. குதிகால் தரையைத் தொட்டதா என்று சந்தேகமாக இருக்கும். நான் விளையாட்டு நிபுணன் அல்ல, ஆனால் நல்ல வரி ஒன்றைக் கண்டால் எனக்குத் தெரியும். இவன் ஓட்டத்தில் ஒரு சொல் அதிகமில்லை. ஐந்து நிமிஷத்துக்குச் சற்று மேலே, மூச்சே வாங்காமல் கோட்டைத் தொடுவான், தொட்டவுடன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நிற்பான்.

ஒருநாள் என்னோடு சேர்ந்து, எனக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரு சுற்று வந்தான்.

"எதுக்குண்ணே ஓடுறீங்க? எஸ்.ஐ. செலக்‌ஷனா?"

"இல்லப்பா. நான் பேங்க்ல இருக்கேன்."

கொஞ்ச தூரம் யோசித்தான். "பேங்குக்கும் ஓடணுமாண்ணே?"

"இல்ல. சும்மா."

"சும்மாவா!"

அவன் சிரிக்கவில்லை. எனக்காக வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. சும்மா என்பது தாயுமானவரெல்லாம் எங்கேயோ தூக்கி வைத்த வார்த்தை. ஆனால் அந்த சும்மா இருப்பதோடுதான் சேரும். சும்மா இருக்கலாம், சும்மா வரலாம், சும்மா கேட்கலாம். சும்மா ஓடுவது என்பதை அவன் இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "சரிண்ணே" என்று முன்னால் போய்விட்டான்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவன் ஓடுவதைக் குறைத்துக்கொண்டு கம்பியில் தொங்க ஆரம்பித்தான். ஓட்டம் அவனுக்குக் கவலையில்லை, உயரம்தான் கவலை. ஆண்களுக்குப் பொதுவாக 170 சென்டிமீட்டர் வேண்டும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 167. இவனுக்கு உரிய அளவுக்கு இவன் ஒரு மயிரிழை அப்படியும் இப்படியுமாக இருந்தான். மனிதன் காலையில் எழுந்ததும் கொஞ்சம் உயரமாக இருக்கிறான், பகலெல்லாம் நின்று நடந்ததில் முதுகெலும்பின் சவ்வுகள் அமுங்கி மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடுகிறான். இது விஞ்ஞானம். அவனுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அளக்கிற நாளன்று வெறும் தரையில் மல்லாந்து தூங்கி எழுந்து, ஆட்டோவில் கூடப் படுத்தபடியேதான் போனானாம். ஆனால் வரிசை நீளம். அவன் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அரை சென்டிமீட்டர் குறைந்தது. அளவு சரியாக இருந்தால்தான் அடுத்து ஓட்டம், ஆகவே அவனை ஓடச் சொல்லவே இல்லை. அளந்தவர் பாவம் இரண்டு தரம் அளந்து பார்த்தார் என்று அவனே சொன்னான். யார் மேலும் அவனுக்குக் கோபமில்லை. இதைச் சொல்லத்தான் அன்று வந்திருந்தான். ஓடவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான், மற்ற பையன்களின் செருப்பையும் செல்போனையும் பார்த்துக்கொண்டு.

"நீ ஓடுறத விட்றாதப்பா" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். ஏன் என்று கேட்டிருந்தால் நான் சொல்லக்கூடியது ஒரே வார்த்தைதான், அதை முன்பே சொல்லியாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அவனும் அவன் அம்மாவும் எங்கள் கிளைக்கு வந்தார்கள், நகைக் கடனுக்கு. ஒரு ஜோடி தோடு, ஒரு மோதிரம். மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்து, எடை போட்டு, கல்லுக்குக் கழித்து, நிகர எடை சொன்னார். நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்க முன்பணம் வேண்டுமாம், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியில் சேர்வதற்கு. என்னை அடையாளம் தெரிந்துகொண்டான். முகத்தில் அது தெரிந்தது. ஆனால் பேசும்போது "எங்க சார் கையெழுத்து?" என்றான். தெப்பக்குளத்தில் நான் அவனுக்கு அண்ணன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சார் ஆகிவிட்டேன். காட்டினேன். அவன் அம்மா காலியான காதுகளை முந்தானையால் மூடிக்கொண்டு, எத்தனை மாதத்தில் திருப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

கலைக்குப் பிரயோஜனம் என்ன என்று கேட்டவர்களோடு நம் சிறு பத்திரிகைகள் ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சண்டை போட்டிருக்கின்றன. நானும் என் பங்குக்குச் சில பக்கங்கள் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வரியையும் நான் இப்போது வாபஸ் வாங்கவில்லை. பிரயோஜனம் கேட்கிறவர்கள் கடைசியில் கோஷத்தில் போய்த்தான் நிற்கிறார்கள், அதற்கு உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தப் பத்திரிகையில் எழுதுகிற நம்மை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன்: ஒருவர் எல்.ஐ.சி., இருவர் தபால் துறை, ஒரு கல்லூரி விரிவுரையாளர், நான் பேங்க். மாதக் கடைசியில் சம்பளம் வருகிறது. சும்மா எழுதுகிறோம். அந்த சும்மாவுக்கு ஒரு வாடகை உண்டு, அது ஒழுங்காகக் கட்டப்பட்டு வருகிறது. அந்தப் பையனின் ஓட்டம் எங்கள் யாருடைய எழுத்தையும்விட உருவத்தில் கச்சிதமானது. அவனுக்கு அது 1500 மீட்டர், 7 நிமிஷம், அவ்வளவுதான். அது அழகாகவும் இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும், எனக்கு மட்டும் தெரிந்து அவனுக்கு ஆவதொன்றுமில்லை. அழகு இருந்ததா இல்லையா என்றால், இருந்தது. நான் பார்த்தேன். இதில் எதை எதோடு சமாதானப்படுத்துவது என்று எனக்குப் புரியவில்லை, சமாதானப்படுத்த அவசரமும் இல்லை.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, சிறுகதையாக எழுதேன் என்றார், முடிவு கூடத் தயாராக இருக்கிறதே என்றார். அது தயாராக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது சில வாரங்களாகப் பையன்கள் என்னிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஓடுகிறவனே போனைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பது தொந்தரவு, செருப்பைப் பார்த்துக்கொள்கிறவனோ சிநேகிதனுக்காக இரண்டு வினாடி குறைத்துச் சொல்லிவிடுகிறான். பேங்க் அண்ணன் குறைக்க மாட்டார் என்று பேசி முடிவு செய்திருக்கிறார்கள். நாலு சுற்று முடிந்ததும் சுண்ணாம்புக் கோட்டின் பக்கத்தில் நிற்கிறேன். வியர்வை ஆறும்போது குளிர்கிறது. அவர்கள் கூட்டமாகப் புறப்பட்டு, வடகரையில் கோயிலைத் தாண்டி மறைந்து, எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொருவராகப் பிரிந்து தெரிகிறார்கள். தென்கிழக்கு மூலையில் நாய்கள் குரைக்கின்றன. கடைசிக் கால் சுற்றில் ஒருவன் வாயைத் திறந்துகொண்டு, தலை ஒரு பக்கம் சாய, கைகளை வீசிக்கொண்டு வருகிறான். பார்க்கச் சகிக்காத ஓட்டம். கடிகாரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு கத்துகிறேன்: "ஆறு ஐம்பது! ஆறு ஐம்பத்தொண்ணு! வாடா! ஆறு ஐம்பத்திரண்டு!"